மோட்டார் பெட்டிக்கும் ஒரு பாஷை இருக்குங்க

தோட்டத்துக்குப் போகாமலே மோட்டார் போடற பெட்டி எங்க ஊர்ப்பக்கம் வந்து பல வருசம் ஆச்சு. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு, வெளியே விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா. போன்ல ஒரு மெசேஜ் அனுப்பினா மோட்டார் ஓடும், இன்னொண்ணு அனுப்பினா நிக்கும். பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு இது ஏதோ சொகுசுன்னு தோணலாம். மும்முனைக் கரண்ட் எங்களுக்கு முறை வெச்சுத்தான் வருது. ராத்திரி பதினொண்ணுக்கு வந்தா பதினொண்ணுக்குப் போகணும், விடிகாலை மூணுக்கு வந்தா மூணுக்குப் போகணும். அந்த நேரத்துல டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல நடக்கறவனுக்குக் கட்டுவிரியனும் பயம், ஈரமான ஸ்டார்ட்டர் பெட்டியும் பயம். அதனால இந்தப் பெட்டி வந்ததை நான் குறை சொல்லலை. அது பேசற பாஷையைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். பெட்டி செய்யறவங்க அந்தப் பாஷையைப் பாதி மறைச்சு, மீதியைக் கெடுத்து எங்க கையில கொடுக்கறாங்கங்கறதுதான் என் கட்சி.

பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குக் காட்டினது என் மச்சினன் மகன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன். ஓடாமப் போன ஒரு பெட்டியைத் திண்ணையில வெச்சுப் பிரிச்சான். உள்ளே தபால் தலை அளவுக்கு ஒரு சிப். "இதுதான் மாமா மோடம், போன் மாதிரியே டவரோட பேசும். இதுக்கு இன்னொரு சிப் எழுத்துல உத்தரவு போடும், அவ்வளவுதான்"னு சொல்லி, அதுல மூணு ஒயரை இழுத்து லேப்டாப்புல மாட்டினான். "நீங்களே அடிங்க"ன்னான். ஏ அடிச்சேன், டி அடிச்சேன், என்டர் தட்டினேன். திரையில அடுத்த வரியிலேயே "ஓகே"ன்னு வந்துச்சு. ஐம்பது வயசுக்கு மேல ஒரு மிஷின் என்னை மதிச்சுப் பதில் சொன்னது அன்னைக்குத்தான்.

இங்கிலீஷ் எழுத்தை உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதறேன், நீங்க மனசுல மாத்திப் படிச்சுக்குங்க. ஏடின்னா அட்டென்ஷன், அதாவது "இங்கே கவனி". ஒவ்வொரு உத்தரவும் அப்படித்தான் ஆரம்பிக்கணும். பனை மேல இருக்கறவனுக்குச் சேதி சொல்லணும்னா நாம என்ன பண்ணுவோம்? எடுத்த எடுப்புல சேதியைச் சொல்லமாட்டோம். முதல்ல "ஏனுங்கண்ணோவ்"னு ஒரு குரல், அவர் திரும்பிப் பாத்ததும்தான் விசயம். ஏடியும் அதே வேலையைத்தான் செய்யுது. இன்னொரு காரியமும் அதுல இருக்கு. அந்த ரெண்டு எழுத்து ஒயர்ல வர்ற துடிப்பை அளந்துதான் எதிராளி எவ்வளவு வேகத்துல பேசறான்னு மோடம் கண்டுபிடிச்சுக்கும். ரெண்டும் பெரிய எழுத்தா இருக்கணும், இல்லை ரெண்டும் சின்ன எழுத்தா இருக்கணும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா விதிப்படி சேராது.

உத்தரவை முடிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. என்டர்னு நாம சொல்றதுக்கு அதோட உண்மையான பேர் கேரேஜ் ரிட்டர்ன். கணக்குல அது 13ஆம் நம்பர் எழுத்து. பத்தாவது முடிச்ச பிற்பாடு நான் டைப்ரைட்டிங் லோயர் போனவன். வரி முடிஞ்சதும் இடது கையால நெம்புகோலைத் தள்ளினா உருளை சரக்குன்னு வலது பக்கம் போகும், கூடவே காகிதமும் ஒரு வரி மேல ஏறும். ஒரே தள்ளுல ரெண்டு வேலை. கம்ப்யூட்டர் அதை ரெண்டு எழுத்தாப் பிரிச்சு வெச்சிருக்கு. உருளை திரும்பறது 13, காகிதம் ஏறறது 10. மோடம் காத்திருக்கறது 13க்கு. 10ஐ மட்டும் அனுப்பினா அது இன்னும் நீங்க பேசி முடிக்கலைன்னு நினைச்சுச் சும்மா இருக்கும். புதுசா போர்டு செய்யற பசங்க நிறையப் பேர் தலையைப் பிச்சுக்கற இடம் இதுன்னு மச்சினன் மகன் சொன்னான். எங்க டைப்பிங் மாஸ்டர் இருந்தா சிரிச்சிருப்பார்.

இந்தப் பாஷை இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. 1981ல அமெரிக்காவுல ஜார்ஜியா பக்கம் ஹேஸ்ங்கற கம்பெனி ஸ்மார்ட்மோடம்னு ஒண்ணு விட்டுச்சு. வேகம் 300 பாட், இப்ப நினைச்சா மாட்டு வண்டி. ஆனா ஒரு சிக்கலை அவங்க அழகாத் தீர்த்தாங்க. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல ஒரே ஒயர்தான். எதிர்முனைக்குப் போகவேண்டிய சேதியும் அதே வழி, மோடத்துக்கே சொல்ற உத்தரவும் அதே வழி. எது சேதி, எது உத்தரவு? அந்தக் கம்பெனியை டென்னிஸ் ஹேஸோட சேர்ந்து நடத்தின டேல் ஹெதரிங்டன் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு செகண்ட் சும்மா இரு, மூணு பிளஸ் அடி, மறுபடி ஒரு செகண்ட் சும்மா இரு. அப்படிச் செஞ்சா அதுக்கப்புறம் வர்றது உத்தரவு. நடுவுல விடற மௌனமும் உத்தரவுல சேர்த்தி. அதுக்குப் பேடன்ட் வாங்கினாங்க. காசு கட்ட மனசில்லாத சில கம்பெனிங்க மௌனத்தை விட்டுட்டு மூணு பிளஸை மட்டும் வெச்சு மோடம் செஞ்சாங்க. அந்த மோடத்துக்குச் சேதிக்குள்ள யாராவது மூணு பிளஸும் "ஏடிஎச்"சும் எழுதி அனுப்பினா, அது உத்தரவுன்னு நம்பி லைனைக் கட் பண்ணிக்கும். எச்னா போனை வைன்னு அர்த்தம். நாப்பது பைசா மிச்சம் பிடிக்க நல்ல மூட்டைக்குக் கெட்ட சணல் போட்ட கதை.

ஹேஸ் கம்பெனி 1990கள் முடியறதுக்குள்ள நொடிச்சுப் போச்சு. பாஷை சாகலை. அதைச் செல்போன் மோடத்துக்கும் விரிச்சுப் பொது விதியா எழுதி வெச்சிருக்காங்க. 3ஜிபிபிங்கற அமைப்போட 27.005, 27.007 ஆவணங்கள்ல எல்லாம் இருக்கு, யார் வேணும்னாலும் காசில்லாம இறக்கிப் படிக்கலாம். 2ஜி சிப்புக்கும் அதே ஏடிதான், இப்ப வர்ற 4ஜி சிப்புக்கும் அதே ஏடிதான். விதையைப் பூட்டி வைக்காம ஊருக்குக் கொடுத்த மாதிரி.

எப்படிப் பேசுதுன்னு கொஞ்சம் பாருங்க. ஏடி+சிஎஸ்க்யூன்னு கேட்டா சிக்னல் எத்தனைன்னு சொல்லும், 0ல இருந்து 31 வரைக்கும். 99ன்னு வந்தா அளக்க முடியலைன்னு அர்த்தம். எங்க கிணத்து மேட்டுல 9, பத்தடி தள்ளித் தென்னை மரத்தோரம் 14. ஆன்டெனாவை எங்கே கட்டணும்னு இதுக்கு மேல யார் சொல்லணும்? ஏடி+சிபின்னு கேள்விக்குறி போட்டா சிம் சரியா உக்காந்திருக்கான்னு சொல்லும், அங்கே பின்னுங்கறது பி ஐ என். கேள்விக்குறி போட்டா இப்ப என்ன நிலைமைன்னு அர்த்தம், ஈக்வல் போட்டு எண் போட்டா இப்படி வைன்னு அர்த்தம், ஈக்வலும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட்டா என்னென்ன வைக்கலாம்னு அதுவே பட்டியல் சொல்லும். நம்பருக்குக் கூப்பிட ஏடிடி போட்டு நம்பர், கடைசியில ஒரு செமிகோலன். அந்தச் செமிகோலன் இல்லைன்னா அது பேச்சு அழைப்பா எடுத்துக்காது, டேட்டா அழைப்புன்னு நினைச்சுக்கும்.

மெசேஜ் அனுப்பணுமா? முதல்ல ஏடி+சிஎம்ஜிஎஃப்=1, அதாவது எழுத்தா பேசலாம்னு ஒப்பந்தம். ஓகே வரும். அப்புறம் ஏடி+சிஎம்ஜிஎஸ்= போட்டு மேற்கோள் குறிக்குள்ள நம்பர், என்டர். இப்ப ஓகே வராது. வாயைத் திறந்த மாதிரி ஒரு அம்புக்குறி வரும், "சொல்லு, கேக்கறேன்"னு. சேதியை அடிச்சுட்டு கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தணும், அது 26ஆம் எழுத்து. மனசு மாறிட்டா எஸ்கேப், அது 27. போச்சுன்னா மெசேஜோட வரிசை எண்ணும் ஓகேயும் வரும். போகலைன்னா எரர்னு வரும். மோடத்துக்கும் உத்தரவு கண்டிப்பா சுத்தமா இருக்கணும்தான், ஆனா புரியலைன்னா புரியலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும்.

இப்ப நாங்க காசு கொடுத்து வாங்கின பெட்டிக்கு வருவோம். மோடம் உள்ளே இவ்வளவு ஒழுங்காப் பேசுது. அதுக்கு மேல கம்பெனிக்காரங்க எங்களுக்குன்னு ஒரு பாஷை வெச்சிருக்காங்க. ஸ்டார், நாலு இலக்க ரகசிய எண், ஹேஷ், அப்புறம் பெரிய எழுத்துல ஆன். நடுவுல இடைவெளி விடக்கூடாது. இது அட்டையில எங்கேயும் இல்லை, இங்கிலீஷ் புத்தகத்துல ஆறாவது பக்கத்துல இருக்கு. இப்ப வர்ற போன் எல்லாம் முதல் எழுத்தை அதுவே பெருசாக்கும், மத்ததைச் சின்னதாக்கும், வார்த்தை முடிஞ்சா அதுவே ஒரு இடைவெளி சேர்க்கும். போன் செய்யற மரியாதை பெட்டிக்கு ஆகாது. அப்ப பெட்டி என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது. எரர்னு கூடச் சொல்லாது.

எங்க பங்காளி ஒருத்தர் போன வருசக் கோடையில ராத்திரி மோட்டாரை நிறுத்தச் சொல்லி மெசேஜ் அனுப்பிட்டுப் படுத்துட்டார். ஹேஷுக்குப் பக்கத்துல போன் ஒரு இடைவெளியைச் சேர்த்திருந்துச்சு. பெட்டி கண்டுக்கலை. போர்ல தண்ணி கீழே போயி, மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடி, விடியறப்ப காயில் போயிருந்துச்சு. காயில் கட்ட 7,500 ரூபாய், மோட்டாரைத் தூக்கி இறக்கின கூலி தனி, வாழைக்குத் தண்ணி இல்லாத அஞ்சு நாள் தனி. கம்பெனிக்குப் போன் பண்ணினா "பார்மட் தப்புங்க சார், சரியா அனுப்பணும்"னு பதில். அவர் எட்டாவது படிச்சவர். அவர் தப்பா அனுப்பினார்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். ஒரு இடைவெளியைத் தள்ளிட்டுப் படிக்கறது, சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒண்ணாப் பாக்கறது, இதெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கற நிரல்ல நாலஞ்சு வரி வேலைன்னு மச்சினன் மகன் சொல்றான். அந்த நாலு வரி எழுத அவங்களுக்குச் சோம்பல், அதோட விலை எங்க வாழையில.

இதைவிட எனக்குத் தூக்கம் கெடுக்கற விசயம் வேற. மெசேஜ் உடனே போய்ச் சேரணும்னு கட்டாயம் இல்லை. தோட்டத்துல சிக்னல் இல்லைன்னா டவர்க்காரங்க அதைப் பிடிச்சு வெச்சிருந்து, பெட்டி மறுபடி கண்ணுல பட்டதும் கொடுப்பாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பின "ஆன்" ஒம்பது மணிக்குப் போய்ச் சேரலாம். எங்க பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் ஆச்சு. ஆறு மணிக்கு அனுப்பினாங்க, ஓடலை. சரின்னு போய்ப் பாத்தா டெலிவரி பைப் இணைப்புக் கழண்டு கிடக்கு. ஒருத்தர் முழங்கால் சேத்துல நின்னு ரெண்டு கையாலயும் இணைப்பைப் பிடிச்சு முறுக்கிட்டு இருக்கறப்ப, மூணு மணி நேரம் ஊர் சுத்தின மெசேஜ் வந்து சேர்ந்து மோட்டார் எடுத்துருச்சு. பைப் எகிறி மணிக்கட்டுல அடிச்சதோட போச்சு. பியூஸ் பிடுங்கிட்டு வேலை பாக்கக்கூடாதான்னு கேப்பீங்க. பாக்கணும்தான். ஆனா பிடுங்காம இருக்கறவனும் உசுரோட வீடு திரும்பணும் இல்லைங்களா.

இதுக்கும் மருந்து அந்தப் பழைய பாஷையிலேயே இருக்கு. மோடம் ஒரு மெசேஜைப் பெட்டிக்குக் கொடுக்கறப்ப வெறும் சேதியை மட்டும் கொடுக்காது. அனுப்பினவர் நம்பர், அனுப்பின தேதி, மணி, நிமிசம், செகண்ட் எல்லாம் முன்னாடி ஒரு வரியில வரும். "21:05:33+22" அப்படீன்னு. அந்த +22 என்னன்னு முதல்ல எனக்கும் புரியலை. கிரீன்விச் நேரத்துல இருந்து எத்தனை கால் மணி நேரம் தள்ளிங்கறதுதான் அது. நமக்கு அஞ்சரை மணி நேரம், அதாவது 22 கால் மணி நேரம். நம்ம நாடே அந்த ஒரு எண்ணுல இருக்கு! சிப்புக்குள்ள ஒரு கடிகாரமும் உண்டு, ஏடி+சிசிஎல்கே? போட்டா இப்ப மணி என்னன்னு சொல்லும். ரெண்டையும் கழிச்சுப் பாத்து, பத்து நிமிசத்துக்கு மேல பழசான "ஆன்" உத்தரவுன்னா மோட்டாரைத் தொடாம, "பழைய சேதி வந்திருக்கு, இப்பவும் போடணுமா"ன்னு திருப்பிக் கேக்கலாம். சேதியோட நேரம் கைக்கு வந்தும் பாக்காமத் தூக்கிப் போடற பெட்டியை எப்படி நல்ல பெட்டின்னு சொல்றது?

கம்பெனிக்காரங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மெசேஜ் செலவாகும், சிம்முல பேலன்ஸ் இல்லைன்னு விவசாயிதான் சண்டைக்கு வருவான். நிஜம்தான். சில பெட்டிங்க போன் பண்ணினா தமிழ்ல பேசி, ஒண்ணை அழுத்து மூணை அழுத்துன்னு சொல்லுது. அது நல்ல காரியம், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அதுதான் வழி. இப்ப ஆப்பும் வந்துருச்சு. ஆனா ஆப்புக்கு ரெண்டு பக்கமும் நெட் வேணும், நடுவுல கம்பெனியோட சர்வர் உசுரோட இருக்கணும், வருசா வருசம் பணம் கட்டணும். மெசேஜுக்கு ரெண்டு சிம்மும் ஒரு டவரும் போதும்.

தமிழ் மெசேஜ் வராதுங்கன்னு கடையில சொன்னாங்க. அது மட்டும் சுத்தப் பொய். ஏடி+சிஎஸ்சிஎஸ்= போட்டு மேற்கோளுக்குள்ள யூசிஎஸ்2ன்னு கொடுத்து, கூடவே ஏடி+சிஎஸ்எம்பி=17,167,0,8 போட்டா தமிழ் போகும். அந்தக் கடைசி 8 தான் இது வேற எழுத்துன்னு சொல்றது. நடுவுல இருக்கற 167, ஆள் எட்டலைன்னா 24 மணி நேரம் வரைக்கும் காத்திருந்து கொடுன்னு அர்த்தம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நாலு குறி, அ-ன்னா 0பி85. ஒரு மெசேஜுல இங்கிலீஷ்னா 160 எழுத்து, தமிழ்னா 70. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "மோட்டார் ஓடுகிறது"ங்கறது இடைவெளியோட 17 ஆச்சு. எழுபது ரொம்பத் தாராளம். முடியாதுன்னு சொல்றவங்க முயற்சி பண்ணலைன்னுதான் அர்த்தம்.

உங்கள்ல பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலை பாக்கறவங்கன்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரிப் பெட்டிக்கு நிரல் எழுதற வேலை உங்க மேசைக்கோ பக்கத்து மேசைக்கோ வந்தா, புரியாத மெசேஜுக்கு ஒரு பதில், பழைய மெசேஜுக்கு ஒரு கேள்வி, மூடி மேல தமிழ்ல பத்து வரி உத்தரவுப் பட்டியல், இது மூணையும் கேட்டு வாங்குங்க. கம்பெனிக்கு ஆகற செலவு ஸ்டிக்கர் செலவுதான்.

மச்சினன் மகன் எங்க பெட்டியோட போர்டை எடுத்துட்டு 4ஜி சிப் வெச்சுப் புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கான். எந்தெந்தப் பதில் வரணும்னு தமிழ்ல எழுதிக் கொடுக்கற வேலை என்னுது. எட்டு வாக்கியம் எழுதிட்டேன். ஒம்பதாவதுல ரெண்டு நாளா நிக்குது. வோல்டேஜ் குறைஞ்சு மோட்டார் எடுக்கலைன்னா என்ன சொல்றது? "மின்னழுத்தம் குறைவு"ன்னு நான் எழுதினேன். "வோல்டேஜ் கம்மி"ன்னு அவன் மாத்தினான். சமையக்கட்டுல இருந்து என் சம்சாரம், "கரண்டு பத்தலைன்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும்"ங்கறா. எண்ணிப் பாத்தேன், எதைப் போட்டாலும் எழுபதுக்குள்ளதான் வருது.